அழித்தலும் பேணலும்: வணிக வன்தட்டுகளின் முடிவு பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோர் பழுதடைந்த கணினி உறுப்பொன்றைப் பற்றி எழுத முனைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், எழுதப்பட்டது எவ்வாறு பேணப்படுகிறது, எவ்வாறு அழிகிறது, யாருடைய நலன் கருதிப் பேணப்படுகிறது, யாருடைய நலன் கருதி அழிக்கப்படுகிறது என்பன மூலபாட ஆய்வின் அடிப்படை வினாக்களாகும். ஏட்டுச்சுவடிக்கும் அச்சுப்புத்தகத்துக்கும் பொருந்தும் இவ்வினாக்கள், இன்றைய வணிக நிலையங்களில் கணக்கும் பெயரும் கடனும் எழுதப்பெறும் வன்தட்டுக்கும் பொருந்துவனவே. கடைக்காரர் 'ஹார்ட் டிஸ்க்' என்று வழங்கும் இப்பொருள் பழுதடைந்ததும் பழைய இரும்போடு இரும்பாகக் கருதப்படுகிறது. அதனுள் இருப்பது இரும்பு மட்டுமன்று என்பதை எடுத்துக்காட்டுவதும், அதனைப் பாதுகாப்பாக ஒழிக்கும் வழிகளுள் எதனை யார் தெரிவுசெய்தல் தகும் என்பதை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக்குக் களமாகக் காரைநகரை எடுத்துக்கொள்வது பொருத்தமானது. பொன்னாலைத் தாம்போதியால் குடாநாட்டோடு இணைக்கப்பட்டுள்ள இவ்வூர், நெல்வயலும் பனையும் கடற்றொழிலும் உடையதாயினும், வணிகத்தாலேயே இலங்கை முழுவதும் பெயர்பெற்றது. இருபதாம் நூற்றாண்டிலே கணிசமான காரைநகர் மக்கள் கொழும்பிலும், மலையகத்திலும், தென்னிலங்கையின் சிறுபட்டினங்களிலும் கடை வைத்து வாழ்ந்தனர். அவ்வணிகத்தின் உயிர்நாடி கணக்குக் கொப்பியாகும். நாளேடு, பேரேடு, கடன் கொப்பி என விரிந்த அவ்வெழுத்துக்களில் முதலாளி, கடைச் சிப்பந்தி, மொத்த வியாபாரி, நாட்கூலி வாங்கி மாத முடிவில் கடன் தீர்க்கும் வாடிக்கையாளர் ஆகியோரிடையே நிலவிய உறவு முழுவதும் பதிவாகியிருந்தது. கணக்கு என்பது வெறும் எண்களின் தொகுதியன்று. அது எண்வடிவம் பெற்ற சமூக உறவாகும். மனிதருக்கிடையிலான உறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங்கொள்ளும் என மார்க்ஸ் சரக்கைப் பற்றிக் கூறியது கணக்குப் பதிவுக்கும் பொருந்தும்.

இன்று அக்கொப்பியின் இடத்தைக் கணினி பெரிதும் பெற்றுவிட்டது. எடுத்துக்காட்டாக, வலந்தலைச் சந்தியை அண்டி ஒரு கடை இருப்பதாக எண்ணிக்கொள்வோம். பலசரக்கோடு தொலைபேசி மீள்நிரப்பல், நிழற்பிரதி எடுத்தல், விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தல் ஆகியனவும் அங்கு நடைபெறுகின்றன. தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கடவுச்சீட்டு, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றை ஊரவர் பிரதி எடுக்கக் கொண்டுவருகின்றனர். ஐந்தாறு ஆண்டுகளில் அக்கடையின் கணினியில் ஓர் ஊரின் பெரும்பகுதியே சேர்ந்துவிடும். உப்புக்காற்றாலும் மின்தடையாலும் கணினி பழுதாகிறது. புதியது வாங்கப்படுகிறது. பழையது அலுமாரியின் மேலே ஏறுகிறது. சிலகாலத்தின்பின் பழைய இரும்பு வாங்க வருபவரின் வாகனத்தில் ஏறுகிறது. பிரச்சினை இவ்விடத்திலேயே தொடங்குகிறது.

2

வன்தட்டின் இயல்பை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1956ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வணிக வன்தட்டு 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்டது. ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துக்களையே அது தாங்கியது. அது கணக்கியல் தேவைக்காகவே ஆக்கப்பட்டது என்பது கவனித்தற்குரியது. வன்தட்டு தன் பிறப்பிலேயே ஒரு பேரேடாகும். இன்று உள்ளங்கையளவான ஒரு வன்தட்டு ஒரு டெராபைற்று, அதாவது ஓர் இலட்சம் கோடி எழுத்துக்களைத் தாங்கவல்லது. அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆகிய தட்டின்மீது படிந்துள்ள மெல்லிய காந்தப் படலத்திலே சிறுசிறு புலங்களின் காந்தத் திசையாக எழுத்து பதிவாகிறது.

கோப்பொன்றை 'அழி' என்று கட்டளையிட்டால் நடைபெறுவது என்ன? பெரும்பாலான முறைமைகளில் கோப்பு அழிவதில்லை. நூலகமொன்றில் நூற்பட்டியலிலிருந்து ஓர் அட்டையை மட்டும் கிழித்தெறிந்தால் நூல் அதன் அடுக்கிலேயே இருக்கும் அன்றோ? அதுபோலவே கணினியும் கோப்பின் இருப்பிடக் குறிப்பை நீக்கி, அவ்விடம் வெற்றிடம் எனக் குறித்துக்கொள்கிறது. வேறொரு கோப்பு அதே இடத்தில் எழுதப்படும்வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கும். 'விரைவு வடிவமைப்பு' எனப்படும் செயலும் பட்டியலைப் புதுப்பிப்பதேயன்றி அடுக்குகளைத் துப்புரவாக்குவதன்று. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களைக் கொண்டே இவ்வாறு 'அழிந்த' கோப்புகளை மீட்க முடியும்.

எழுதியதைச் சுரண்டிவிட்டு அதன்மேல் எழுதினாலும் மூலம் எஞ்சும் என்பதற்கு ஏட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. ஆர்க்கிமிடீசின் கணித எழுத்துக்களைக் கொண்ட தோற்சுவடியொன்று சுரண்டப்பட்டு 1229ஆம் ஆண்டளவிற் பிரார்த்தனை நூலாக மாற்றப்பட்டது. 1999 முதல் 2008 வரை நடைபெற்ற ஒளிப்பட ஆய்வுகளால் அடியிலிருந்த எழுத்துப் பெருமளவுக்கு வாசிக்கப்பட்டது. அறிவுலகுக்கு அது பேறு. ஆயின், கடனாளியின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் அவ்வாறு மீண்டு வருதல் பேறாகாது.

இது வெறும் அச்சமன்று. மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த கார்ஃபிங்கல், ஷெலாட் என்னும் இருவர் பழைய பொருட் சந்தையில் 158 வன்தட்டுகளை வாங்கி ஆராய்ந்து 2003இல் முடிவுகளை வெளியிட்டனர். இயங்கிய 129 தட்டுகளுள் 12 மட்டுமே முறையாகத் துடைக்கப்பட்டிருந்தன. ஏனையவற்றுள் மருத்துவக் கடிதங்களும் 5,000க்கும் மேற்பட்ட கடனட்டை இலக்கங்களும் காணப்பட்டன. 2009இல் கானாவின் தேமா நகர்ச் சந்தையில் இதழியல் மாணவர் வாங்கிய வன்தட்டொன்றில், அமெரிக்கப் படைத்துறை ஒப்பந்தக் கம்பனியொன்றின் ஆவணங்கள் இருந்தன. பெரும் நிறுவனத்தின் நிலையே இதுவெனின், சிறுகடையின் நிலையைக் கூற வேண்டியதில்லை.

கணினி ஒன்றிலேதான் வன்தட்டு உண்டு என எண்ணுதலும் தவறாகும். அலுவலக நிழற்பிரதி இயந்திரங்கள் பலவற்றிலும், பாதுகாப்புக் கமராவின் பதிவுப்பெட்டியிலும் அது உண்டு. அமெரிக்காவின் மருத்துவக் காப்புறுதி நிறுவனமொன்று, குத்தகைக்குப் பெற்ற நிழற்பிரதி இயந்திரங்களை அவற்றின் வன்தட்டுகளைத் துடைக்காமலே திருப்பிக் கொடுத்தமைக்காக 2013இல் 12 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்த நேர்ந்தது. ஊரவரின் உறுதிகளையும் அடையாள அட்டைகளையும் பிரதிசெய்யும் கடைக்காரர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

3

'எங்கள் கணக்கில் மறைக்க என்ன இருக்கிறது?' என்று கேட்கப்படுவதுண்டு. இக்கேள்வி தரவைக் கடைக்காரரின் உடைமையாக மட்டும் நோக்குவதால் எழுவதாகும். வன்தட்டில் உள்ள பெயர்களிற் பெரும்பாலானவை பிறருடையன. கடை முதலாளிக்கு இழக்க எதுவும் இல்லாதிருக்கலாம். கடன் வாங்கிய விதவைத் தாய்க்கும், வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பும் பணத்தில் வாழும் முதியவருக்கும் அவ்வாறன்று. தரவினால் வரும் நன்மை ஒரு வர்க்கத்துக்கும், அதன் கசிவினால் வரும் தீமை இன்னொரு வர்க்கத்துக்கும் உரியதாக இருப்பதே இப்பிரச்சினையின் உள்முரண்பாடாகும்.

பெயர்ப்பட்டியல் எத்துணை ஆபத்தானது என்பதை ஈழத்தமிழருக்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1983 யூலையிற் கொழும்பிலே வன்முறைக் கும்பல்கள் தமிழர் வீடுகளையும் கடைகளையும் இனங்காண வாக்காளர் பட்டியல்களைக் கையிற்கொண்டு திரிந்தமை பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. வாக்குரிமைக்காகத் தொகுக்கப்பட்ட பட்டியல் கொலைக்கும் கொள்ளைக்கும் வழிகாட்டியாயிற்று. ஒரு நோக்கத்துக்காகத் திரட்டப்பட்ட தகவல் வேறு கைகளிற் சேரும்போது வேறு நோக்கத்தைப் பெற்றுவிடும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை. 1943 மார்ச் 27ஆம் நாள் ஆம்ஸ்ரர்டாமில் நாஜி எதிர்ப்புப் போராளிகள் நகரத்தின் குடித்தொகைப் பதிவகத்தைத் தகர்க்க முனைந்தமையும் இவ்வுண்மையை உணர்ந்தேயாம். பதிவேடு எரிந்த அளவுக்கு மனிதர் தப்பினர். அச்செயலில் ஈடுபட்டோருட் பலர் பின்னர் மரணதண்டனைக்கு உள்ளாயினர்.

கடன் பதிவுகளின் வரலாறும் இத்தகையதே. 1875 மே மாதத்திற் பூனா மாவட்டத்துச் சூபா என்னும் ஊரிலே தொடங்கிய தக்காணக் கலகத்தில், விவசாயிகள் வட்டிக்காரரின் கடன் பத்திரங்களையும் கணக்கேடுகளையும் கைப்பற்றி எரித்தனர். அவர்களின் தாக்குதலுக்கு முதன்மையான இலக்கானது ஏடேயாகும். அவர்களை அடிமைப்படுத்திய உறவு எழுத்திலே உறைந்திருந்தது. இன்று வடமாகாணத்தில் நுண்கடன் வலையிற் சிக்கிய பெண்களின் நிலையும் எண்ணத்தக்கது. 2018இல் அரசு ஒருபகுதி நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அப்பிரச்சினை முற்றியிருந்தது. கடன் தள்ளுபடியாகலாம்; ஆயின், கடன் வாங்கியவரின் புகைப்படமும் முகவரியும் அடையாள அட்டை இலக்கமும் பொதிந்த வன்தட்டு எங்கே கிடக்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. தேவையான காலத்துக்கு மேலாகத் தனிப்பட்ட தரவை வைத்திருத்தலாகாது என்பதும், வைத்திருக்கும் காலத்தில் அதனைக் காத்தல் வேண்டும் என்பதும் அதன் அடிப்படைக் கடப்பாடுகளுள் அடங்கும். சட்டம் வேண்டப்படுவதே. ஆயின், சட்டத்தை எதிர்பார்த்து வாளாவிருத்தல் தகாது.

4

இனி, ஒழிக்கும் முறைகளை நோக்குவாம். அமெரிக்கத் தேசிய நியம, தொழில்நுட்ப நிறுவகம் 2006இல் வெளியிட்டு 2014இல் திருத்திய வழிகாட்டி உலகெங்கும் மேற்கோளாகக் கொள்ளப்படுகிறது. அது மூன்று படிநிலைகளை வகுக்கிறது. அவற்றை நாம் துடைத்தல், ஆழநீக்கல், சிதைத்தல் எனப் பெயரிடலாம். சாதாரண மென்பொருள்களால் மீட்க முடியாதவாறு செய்தல் துடைத்தலாகும். ஆய்வுகூடக் கருவிகளாலும் மீட்க முடியாதவாறு செய்தல் ஆழநீக்கலாகும். தட்டே மீண்டும் பயன்படாதவாறு செய்தல் சிதைத்தலாகும். தகவலின் தன்மையும், தட்டு நம் கையைவிட்டு நீங்குகிறதா என்பதுமே படிநிலையைத் தீர்மானிப்பனவாம்.

துடைத்தலின் வழி மேலெழுதலாகும். தட்டு முழுவதும் சுழியத்தையோ பொருளற்ற எண்களையோ எழுதிவிடின் பழைய பதிவு மறையும். 1996இல் குட்மன் என்னும் ஆய்வாளர் அக்காலத்துத் தட்டுகளின் பல்வேறு பதிவுமுறைகளையும் கருத்திற்கொண்டு 35 முறை மேலெழுதும் திட்டமொன்றை முன்வைத்தார். அதனை இன்றும் சிலர் மந்திரம்போல் ஓதுகின்றனர். பதிவுமுறை மாறிவிட்டது. இக்காலக் காந்தத் தட்டுக்கு ஒருமுறை முழுமையாக மேலெழுதலே போதுமானது என்பது மேற்கூறிய வழிகாட்டியின் நிலைப்பாடாகும். விநாடிக்கு 100 மெகாபைற்று வேகத்தில் எழுதினால் ஒரு டெராபைற்றுத் தட்டுக்கு ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம் செல்லும். 35 முறை எழுதுவதாயின் நான்கு நாட்களும் ஒரு மணி நேரமும் செல்லும், மின்சாரமும் வீணாகும். விஞ்ஞான நோக்கு என்பது அளவுக்கு மீறிய அச்சத்தையும் களைவதாகும்.

மேலெழுதலுக்கு ஒரு குறை உண்டு. பழுதடைந்தன எனத் தட்டுத் தானாகவே ஒதுக்கிவைத்த பகுதிகளை வெளியிலிருந்து எழுதும் மென்பொருள் எட்டாது. இதனை நிவர்த்திசெய்யவே, தட்டின் உள்ளமைப்பே தன்னைத் துடைத்துக்கொள்ளும் கட்டளையொன்று பெரும்பாலான தட்டுகளில் உற்பத்தியின்போதே வைக்கப்பட்டுள்ளது. ஆழநீக்கலுக்கு அது ஏற்றது.

திண்மநிலைத் தட்டுகள், அதாவது 'எஸ்.எஸ்.டி.' எனப்படுவன, இயல்பில் வேறுபட்டவை. அவற்றிற் சுழலும் தட்டு இல்லை. மின்னேற்றமாகவே பதிவு நிற்கிறது. ஒரே இடத்திற் பலமுறை எழுதினால் அவ்விடம் தேய்ந்துவிடும் என்பதால், எழுத்தைப் பல இடங்களிலும் பரப்பி வைக்கும் ஏற்பாடு அவற்றில் உண்டு. எனவே பழைய இடத்தில் எழுதுவதாக நாம் எண்ணும்போது அது வேறிடத்தில் எழுதக்கூடும். 2011இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆய்வாளர் இத்தகைய தட்டுகளைச் சோதித்து, தனிக்கோப்பொன்றை மட்டும் துடைக்கும் முறைகள் பயனளிக்கவில்லை என்றும், உள்ளமைந்த துடைப்புக் கட்டளையும் சில தட்டுகளிற் சரிவர இயங்கவில்லை என்றும் காட்டினர். இவற்றுக்கு மிகச் சிறந்த வழி, வாங்கிய முதல்நாளிலேயே முழுத்தட்டையும் மறைகுறியாக்கி வைத்தலாகும். அவ்வாறாயின், இறுதியிற் திறவுகோலை மட்டும் அழித்தாலே எஞ்சுவது வாசிக்க முடியாத குப்பையாகிவிடும். தொடக்கத்திலேயே முடிவைச் சிந்தித்தல் இங்குப் பயன்தருகிறது.

வலிய காந்தப்புலத்தாற் பதிவைக் கலைக்கும் கருவிகளும் உள. காந்தத் தட்டின் பதிவை அவை முழுமையாகக் கலைத்துவிடும். அதனோடு தட்டின் வழிகாட்டற் குறிகளும் கலைவதால் அது மீண்டும் இயங்காது. திண்மநிலைத் தட்டில் அக்கருவியால் யாதொரு பயனுமில்லை. வீட்டிலுள்ள சாதாரணக் காந்தத்தாலும் இது கைகூடாது. வன்தட்டின் உள்ளேயே வலிய நியோடிமியக் காந்தங்கள் இருந்தும் பதிவு கலையாமல் நிற்கிறது.

இறுதிப் படி சிதைத்தல். இது பற்றி மக்களிடையே பல தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. எரித்தால் போதும், கடலில் எறிந்தால் போதும், உயரத்திலிருந்து போட்டால் போதும் என்பர். 2003 பெப்ரவரி 1ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் வளிமண்டலத்திற் சிதறியபோது அதிலிருந்த வன்தட்டொன்று எரிந்து கருகிய நிலையில் நிலத்தில் விழுந்து கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த ஆய்வுத் தரவில் ஏறத்தாழ 99 சதவீதம் மீட்கப்பட்டு, அவ்வாய்வு முடிவு 2008இல் வெளியிடப்பட்டது. வெளிக்கூட்டை அடித்து நெளித்தல் சிதைத்தலாகாது; உள்ளிருக்கும் தட்டுகளே சிதைக்கப்படல் வேண்டும். திருகாணிகளைக் கழற்றித் தட்டுகளை வெளியிலெடுத்து வளைத்தலும், கண்ணாடித் தட்டாயின் துணியிற் சுற்றி உடைத்தலும், எல்லாத் தட்டுகளையும் ஊடுருவப் பல துளைகள் இடுதலும் சிறுகடை அளவுக்குப் போதுமானவை. கண்ணாடித் தட்டுக் கூரிய துகள்களாகச் சிதறும் ஆதலாற் கண்ணுக்கும் கைக்கும் காப்பு இன்றியமையாதது. திண்மநிலைத் தட்டிற் பதிவைத் தாங்கும் ஒவ்வொரு சிறு சில்லும் தனித்தனியே நொறுக்கப்படல் வேண்டும். ஒன்று தப்பினும் அதிலுள்ளது தப்பிவிடும்.

5

இதுவரை கூறியன தொழில்நுட்பம் சார்ந்தவை. ஆயின், தெரிவு என்பது தொழில்நுட்பத் தெரிவு மட்டுமன்று. ஒழிக்கும் உழைப்பை யார் செய்கின்றனர் என்பது அடுத்த வினா.

பெருநிறுவனங்கள் இவ்வுழைப்பை ஒப்பந்தக்காரரிடம் விடுகின்றன; ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரரிடம் விடுகின்றனர். மோர்கன் ஸ்ரான்லி என்னும் நிதி நிறுவனம் 2016இற் தன் தரவு மையங்களை மூடியபோது, தரவு அழிப்பில் அனுபவமற்ற சாமான் ஏற்றி இறக்கும் கம்பனியொன்றிடம் சாதனங்களை ஒப்படைத்தது. வாடிக்கையாளரின் தரவோடு அவற்றுட் பல இணைய ஏலத்துக்கு வந்தன. இதற்காக அந்நிறுவனத்துக்கு 2020இல் 6 கோடி டொலரும், 2022இல் வேறொரு அதிகாரசபையால் 3 கோடி 50 இலட்சம் டொலரும் தண்டமாக விதிக்கப்பட்டன. மலிவான கையைத் தேடும் மூலதனத்தின் இயல்பு பாதுகாப்பையும் மலிவாக்கிவிடுகிறது. பொறுப்பை ஒப்படைத்தல் வேறு, பொறுப்பிலிருந்து நீங்குதல் வேறு.

சங்கிலியின் இறுதிக் கண்ணியில் நிற்பவர் பழைய பொருள் உடைக்கும் தொழிலாளியாவார். சீனத்துக் குவியு, கானாவின் அக்போக்புளோசி, டில்லியின் சீலம்பூர் ஆகிய இடங்கள் இவ்வுழைப்பால் உலகறிந்தவை. செம்புக்காகக் கம்பியை எரிப்போரும், பொன்னுக்காகச் சுற்றுப்பலகையை அமிலத்தில் இடுவோரும் ஈயப்புகையை உட்கொள்கின்றனர். அபாயகரமான கழிவுகள் எல்லை கடந்து செல்லுதலைக் கட்டுப்படுத்த 1989இற் பாசல் உடன்படிக்கை நிறைவேற்றப்பட்டு 1992இல் நடைமுறைக்கு வந்தது. உலகச் சந்தையிற் பொருள் மேலிருந்து கீழாகவும், இலாபம் கீழிருந்து மேலாகவும் செல்லும் நியதி அதனால் முற்றாக மாறிவிடவில்லை.

காரைநகரில் இவ்வினா நீரோடு தொடர்புறுகிறது. நன்னீர் அருமையான தீவு இது. மழைநீரே நிலத்தினுள் மெல்லிய வில்லையாக உவர்நீரின்மீது மிதந்து நிற்கிறது. சுண்ணக்கல் நிலத்திற் புதைப்பது எதுவும் நிலத்தோடு நின்றுவிடுவதில்லை. பாழ்ங்கிணற்றில் எறிதல் 'இரகசியம்' காக்கும் வழியென எண்ணுவோர், ஈயம் கலந்த பற்றாசையுடைய சுற்றுப்பலகையை அயலவரின் குடிநீரோடு சேர்க்கின்றனர். சுன்னாகத்து மின்நிலையப் பகுதியின் கிணறுகளில் எண்ணெய் கலந்தமையும், 2019 ஏப்ரிலில் உயர்நீதிமன்றம் மின்னுற்பத்திக் கம்பனியொன்றை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தமையும் குடாநாட்டார் அறிந்தவை. ஒருவர் தம் கணக்கை மறைக்க ஊரின் கிணற்றைக் கெடுத்தல் எவ்வகையிலும் பாதுகாப்பாகாது.

ஆகவே, தகவலை அழித்தலும் பொருளை ஒழித்தலும் இரு வேறு செயல்கள் என்பதை வலியுறுத்தல் அவசியம். முன்னதை உடைமையாளர் தம் கண்முன்னே செய்தல் வேண்டும். பின்னது, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிபெற்ற மின்னணுக் கழிவுச் சேகரிப்பாளரிடம் சேர்த்தலாகும். நன்னிலையிலுள்ள தட்டை முறையாகத் துடைத்துப் பாடசாலைக்கோ சனசமூக நிலையத்துக்கோ வழங்குதல் சிதைத்தலினும் மேலானது. அதனுள்ளே உறைந்துள்ள உழைப்பு வீணாகாது.

6

இத்துணையும் கூறியபின்னர் ஓர் எதிர்வினாவுக்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம். அழிவையே வரலாறாகக் கொண்ட ஒரு சமூகத்துக்கு அழிக்கும் வழியைக் கற்பிப்பது தகுமா?

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிற் தென்னிலங்கைத் தமிழர் கடைகள் எரிந்தபோது அவற்றின் கணக்கேடுகளும் எரிந்தன. 1991இற் காரைநகர் மக்கள் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது வீடுகளிற் கிடந்த எழுத்துக்களும் கைவிடப்பட்டன. ஊரின் வணிக வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளனுக்கு இன்று எஞ்சியிருப்பன மூத்தோர் நினைவுகளும் சிதறிய சில ஏடுகளுமே. அவ்வாறாக, பழைய வன்தட்டு ஒவ்வொன்றும் வருங்கால ஆய்வாளனுக்கு ஒரு கருவூலமாகவும் இருக்கக்கூடும்.

சுவடி வரலாறு இங்கு நமக்கு ஒரு பாடத்தைத் தருகிறது. பழுதுற்ற ஏடுகளைப் பிரதிசெய்துவிட்டு மூலத்தை நீரிலோ நெருப்பிலோ இடுவது ஒரு மரபாயிருந்தது. பிரதிசெய்யும் பழக்கம் நின்றபின்னரும் எறியும் பழக்கம் நின்றுவிடவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலின் சுவடிகள் அவ்வாறு தீயிலிடப்பட்டமையை உ. வே. சாமிநாதையர் தமது தன்வரலாற்றில் வேதனையோடு குறிப்பிட்டுள்ளார். சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஏடுகள் கையிலெடுக்கும்போதே ஒடிந்து விழும் நிலையைத் தமது பதிப்புரையிற் கூறி வருந்தியுள்ளார். அம்மரபின் தவறு, பிரதிசெய்தல் என்னும் முதற்படியை மறந்து எறிதல் என்னும் இரண்டாம்படியை மட்டும் கைக்கொண்டமையாகும். அழித்தல் என்னும் செயல் தெரிவு என்னும் செயலுக்குப் பின்னரே நிகழ்தல் வேண்டும்.

எனவே, அழிப்பதற்கு முன் பிரித்தல் இன்றியமையாதது. தனிமனிதரின் அடையாளத்தையும் கடனையும் சுட்டும் பதிவு ஒருபுறம். கடையின் வளர்ச்சி, விலைவாசி, கொள்முதல் வழிகள், ஊர்ச்சங்கத்தின் அறிக்கை, விழாப் புகைப்படம் ஆகியன மறுபுறம். பின்னவை பொதுமக்களின் வரலாற்றுக்கு உரியன. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் ஈழத்தமிழ் ஆவணங்களைத் திரட்டி வருகின்றன. உரியவரின் சம்மதத்துடன் அத்தகைய இடங்களிற் சேர்க்கத்தக்கனவற்றைச் சேர்த்தல் நன்று. முன்னவற்றை வைத்திருக்கும் உரிமை, தேவை முடிந்ததும் முடிந்துவிடுகிறது. எரியூட்டுவோன் பிறர் எழுத்தைப் பிறர் விருப்புக்கு மாறாக அழிக்கிறான். கடைக்காரர் பிறர் தம்மிடம் ஒப்படைத்ததை அவர்களின் நலன் கருதி முடித்துவைக்கிறார். இரண்டும் அழித்தலே எனினும் சமூக உள்ளடக்கத்தில் ஒன்றுக்கொன்று எதிரானவை.

7

மேற்கூறியவற்றைத் தொகுத்து, சிறுகடைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பொருந்தும் ஒழுங்கொன்றை முன்வைக்கலாம்.

முதலாவதாக, நிலையத்திலுள்ள தட்டுகள் யாவும் எண்ணிக் குறிக்கப்படல் வேண்டும். நிழற்பிரதி இயந்திரத்திலும் கமராப் பெட்டியிலும் உள்ளன உட்பட. இரண்டாவதாக, வரிக்கும் கணக்காய்வுக்கும் சட்டப்படி வைத்திருக்க வேண்டியன பிரித்தெடுக்கப்பட்டு வேறிடத்தில் மறைகுறியாக்கி வைக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, வரலாற்றுப் பெறுமதி உடையன தெரிந்து வைக்கப்படல் வேண்டும். நான்காவதாக, இயங்கும் காந்தத் தட்டு ஒருமுறை முழுமையாக மேலெழுதப்படல் வேண்டும். திண்மநிலைத் தட்டு உள்ளமைந்த கட்டளையாலோ திறவுகோல் அழிப்பாலோ ஆழநீக்கப்படல் வேண்டும். இயங்காதது எதுவாயினும் உட்பகுதி சிதைக்கப்படல் வேண்டும். ஐந்தாவதாக, மீட்பு மென்பொருளால் ஒருமுறை தேடிப் பார்த்து, எதுவும் எஞ்சவில்லை என்பதை உறுதிசெய்தல் வேண்டும். ஆறாவதாக, தட்டின் தொடரிலக்கம், திகதி, கையாண்ட முறை, செய்தவர், சாட்சி ஆகியன ஒரு கொப்பியில் எழுதி ஒப்பமிடப்படல் வேண்டும். இறுதியாகவே பொருள் அனுமதிபெற்ற சேகரிப்பாளரிடம் செல்லுதல் தகும்.

தனியொரு சிறுகடைக்கு இவை யாவும் சுமையாகத் தோன்றலாம். கூட்டுறவு என்பது இத்தகைய சுமைகளுக்காகவே தோன்றியது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கமோ, சனசமூக நிலையமோ, பாடசாலையின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தோ ஆண்டுக்கொரு நாளை இதற்கென ஒதுக்கலாம். சித்திரைப் புத்தாண்டிற் புதுக்கணக்குத் தொடங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. பழைய கணக்கை முறைப்படி முடிக்கும் நாளும் அதனை அடுத்து அமையலாம். துடைக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பழைய கணினியும், திருகாணி கழற்றும் கருவியும், பொறுப்புணர்ச்சியுள்ள இருவரும் போதும்.

இலக்கமுறைத் தொழில்நுட்பம் நம் கைகளில் மிக விரைவாக வந்து சேர்ந்தது. அதனோடு வரவேண்டிய சமூக ஒழுக்கம் பின்தங்கியே வருகிறது. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சிக்கும் சமூக நிறுவனங்களின் வளர்ச்சிக்கும் இடையிலான இவ்விடைவெளி தானாக நிரம்புவதில்லை. நனவுபூர்வமான கூட்டு முயற்சியாலேயே நிரம்பும். பழைய இரும்போடு செல்லும் வன்தட்டில் ஊரவரின் நம்பிக்கையும் செல்கிறது என்பதை உணர்தல் அம்முயற்சியின் தொடக்கமாகும்.